கீழாற்றுக் கல்லுக்கடியில் மிச்சமிருப்பது யார்?

மலேசியாவில் பேராக் மாநிலத்தில் உள்ள எங்கள் ஊர் சுங்கை சிப்புட். மலாய் மொழியில் நத்தை ஆறு என்று பொருள். பெயரிலேயே ஆற்றடி உயிர் ஒன்றை வைத்துக்கொண்டிருக்கும் ஊர் இது. ஆனாலும் எங்கள் தாமான் குடியிருப்புக்குப் பின்னால் ஓடும் ஓடையில் நத்தை பெருகியபோது எனக்கு மகிழ்ச்சி வரவில்லை, கவலைதான் வந்தது.

அந்த ஓடைக்கு வரைபடத்தில் பெயர் கிடையாது. தோட்டத்து ஆட்கள் கீழாறு என்பார்கள். கிழக்கே மலையடியில் கிளம்பி, ஒரு காலத்தில் பால்மரமாக (ரப்பர்) இருந்து இப்போது செம்பனையாகிவிட்ட (எண்ணெய்ப்பனை) மேட்டைச் சுற்றிக்கொண்டு, கடைவரிசையின் பின்புறம் வளைந்து, எங்கள் தாமானைத் தாண்டிப் போகிறது. நாலு எட்டு வைத்தால் கடந்துவிடலாம். என் பெரியப்பா அந்தத் தோட்டத்தில் தண்டலாக, அதாவது வேலையாட்களின் மேற்பார்வையாளராக இருந்தவர். லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, குழாய் வருவதற்கு முன் குளியல், துவையல் எல்லாம் அங்கேதான் என்பார். "கல்லைப் புரட்டினா எறா ஓடும்மா" என்று அவர் சொல்லாத தீபாவளி இல்லை.

இப்போது நிலைமை வேறு. சாயங்காலம் ஆனால் நாற்றம். தண்ணீர் ஒருநாள் தெளிவாக, ஒருநாள் சாம்பல் நிறமாக. ஒரு காலை நாலைந்து மீன்கள் வயிறு தெரிய மிதந்தன. தாமான் வாட்ஸ்அப் குழுவில் அன்று மதியத்துக்குள் தீர்ப்பு எழுதிவிட்டார்கள்: செம்பனை ஆலையின் கழிவுதான்.

அந்தச் சந்தேகத்தை முட்டாள்தனம் என்று தள்ளிவிட முடியாது. பழம் அவித்து எண்ணெய் பிழிந்தபின் மிஞ்சும் பழுப்புக் குழம்பைச் சுத்திகரிக்காமல் விட்டால், அதைச் செரிக்க நுண்ணுயிர்களுக்கு லிட்டருக்கு ஏறக்குறைய 25,000 மில்லிகிராம் ஆக்சிஜன் வேண்டும். நல்ல நிலையில் உள்ள நம்மூர் ஆற்று நீரில் கரைந்திருப்பதோ 8 மில்லிகிராமுக்குள்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள். 1974-இல் சுற்றுச்சூழல் தரச் சட்டம் வந்து, 1977-இல் செம்பனை ஆலைகளுக்கும் அடுத்த வருடம் ரப்பர் ஆலைகளுக்கும் தனி விதிமுறைகள் போட்டதற்குக் காரணமே ஆறுகள் பட்ட பாடு. ஆற்றில் விடும் செம்பனைக் கழிவில் இந்த ஆக்சிஜன் தேவைக்கான வரம்பைப் படிப்படியாக இறக்கி 1984-இல் லிட்டருக்கு 100 மில்லிகிராமுக்குக் கொண்டுவந்தார்கள். பெரியப்பா தலைமுறைக்கு ஆலை நாற்றமும் செத்த மீனும் ஒரே நினைவில் ஒட்டிக்கொண்டவை. அதனால் மூக்கு ஆலையைக் கைகாட்டியதில் அதிசயமில்லை.

சரி, சோதித்துப் பார்ப்போம் என்று பள்ளி ஆய்வுக்கூடத்துச் சோதனைப் பெட்டியோடு ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் போனேன். நான் இடைநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. மூன்று இடத்தில் போத்தலில் பிடித்தேன். ஆக்சிஜன் மூன்றிலும் 6 மில்லிகிராமுக்கு மேல். அமிலத்தன்மை வழக்கம்போல. குழுவில் படத்தைப் போட்டதும் பாதிப்பேர் "ஆறு நல்லாத்தானே இருக்கு டீச்சர்" என்றார்கள், மீதிப்பேர் என்னை ஆலைக்காரர் பக்கம் என்று முடிவுகட்டினார்கள்.

போத்தல் பொய் சொல்லவில்லை. அது பிடித்த அந்த நிமிடத்தைத்தான் சொல்லும். வெயில் ஏறினால் கல்மேல் படிந்த பாசி ஆக்சிஜனை உமிழும். விடியுமுன் நாலு மணிக்கு அதே பாசி ஆக்சிஜனை உறிஞ்சிக்கொண்டிருக்கும். இரவில் ஒருவர் எதையாவது திறந்துவிட்டால் காலைக்குள் அது நாலு மைல் போயிருக்கும். தோட்ட வழக்கில் சொன்னால், போத்தல் தண்ணீர் காலைப் பெரட்டுக்கு வந்து பேர் கொடுத்துவிட்டுப் போகிற ஆள். ராத்திரி லயத்தில் என்ன சண்டை நடந்தது என்று அந்த ஆளிடம் கேட்டுப் பயனில்லை. லயத்திலேயே குடியிருக்கிறவனைக் கேட்க வேண்டும்.

ஆற்றில் குடியிருக்கிறவை கல்லுக்கடியில் இருக்கின்றன. தும்பியின் குஞ்சு, மேஃபிளை, ஸ்டோன்ஃபிளை, கேடிஸ் என்ற பறக்கும் பூச்சிகளின் இளம்பருவங்கள், வண்டு, நத்தை, அட்டை, புழு. கண்ணுக்குத் தெரிகிற அளவு, முதுகெலும்பு கிடையாது, தரையோடு ஒட்டிய வாழ்க்கை. மீன் ஆபத்து வந்தால் நீந்தி ஓடிவிடும். இவை அத்தனை எளிதில் ஓட முடியாது. வாரக்கணக்கில், சில மாதக்கணக்கில் ஒரே இடத்தில் கிடந்து, வந்த தண்ணீரை எல்லாம் தாங்கியாக வேண்டும். எது தாங்கும், எது தாங்காது என்பது இனத்துக்கு இனம் மாறும். அந்த வேறுபாடுதான் இந்த முறையின் உயிர்.

இது புதிய யோசனையும் இல்லை. ஜெர்மனியில் கோல்க்விட்ஸ், மார்சன் என்ற இருவர் 1908, 1909-இலேயே எந்தச் செடி, எந்த உயிர் எவ்வளவு அழுக்கில் வாழும் என்று பட்டியல் போட்டுவிட்டார்கள். பிரிட்டனில் 1980 வாக்கில் உறவுள்ள இனங்களைச் சேர்த்துக் குடும்ப வாரியாக 1 முதல் 10 வரை மதிப்பெண் தரும் அட்டவணை ஒன்று புழக்கத்துக்கு வந்தது. பெயர் பிஎம்டபிள்யூபி. காருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, உயிரியல் கண்காணிப்புப் பணிக்குழு என்பதன் சுருக்கம். சுத்தமான நீர் இல்லாவிட்டால் செத்துப்போகிற குடும்பத்துக்கு 10, சாக்கடையிலும் சந்தோஷமாக இருக்கிற புழுவுக்கு 1. கிடைத்த குடும்பங்களின் மதிப்பெண்ணைக் கூட்ட வேண்டும். பிறகு குடும்பங்களின் எண்ணிக்கையால் வகுத்துச் சராசரி காண வேண்டும். எத்தனை பூச்சி என்று எண்ணத் தேவையில்லை, எந்தக் குடும்பம் வந்திருக்கிறது என்றால் போதும். பள்ளிப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு செய்ய இதைவிடத் தோதான முறை எனக்குத் தெரிந்து இல்லை.

மலேசியச் சுற்றுச்சூழல் துறையின் நீர்த்தரக் குறியீட்டில் ஆறு அளவைகள் உண்டு: கரைந்த ஆக்சிஜன், உயிர்வேதி ஆக்சிஜன் தேவை, வேதி ஆக்சிஜன் தேவை, அம்மோனியா நைட்ரஜன், மிதக்கும் திண்மம், அமில காரத்தன்மை. இந்த ஆறு அளவைகளும் தண்ணீரைத்தான் கேட்கின்றன. பூச்சியைக் கேட்கும் வேலையை இங்கே பெரும்பாலும் பல்கலைக்கழகத்தார் செய்திருக்கிறார்கள். பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஜுரு ஆற்றுப் படுகையில் வயல், தொழிற்சாலை, குடியிருப்பு என்று ஒவ்வொரு தொல்லைக்கும் ஆற்றடி உயிர்கள் எப்படி மாறுகின்றன என்று பார்த்தது அவற்றில் ஒன்று.

முதல் நாள் நான் செய்த தவறு

பெரியப்பா, என் பழைய மாணவர்கள் இருவர், அக்கா மகள், நான். ஐந்து பேரும் பசியாறிவிட்டு எட்டு மணிக்கு இறங்கினோம். கையில் பிடிபோட்ட வலை, அரை மில்லிமீட்டர் கண். கொசுவலைத் துணி போதாதா என்று மாணவன் கேட்டான். போதாது. அதன் கண் பெரிது, சின்னப் புழுவெல்லாம் நழுவிவிடும். அப்புறம் உருப்பெருக்கிக் கண்ணாடி, கரண்டி, சாயம் தீட்டும் மெல்லிய தூரிகை, பாட்டி காலத்து வெள்ளை மங்குத் தட்டு மூன்று. எல்லாருக்கும் முழங்கால் வரை ரப்பர் காலணியும் கையுறையும். ஆற்றங்கரையில் எலி உண்டு, எலிச் சிறுநீரால் வரும் காய்ச்சலை நம் நாட்டில் விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

மூன்று இடங்கள். மேட்டை எட்டுவதற்கு முன் ஓடையின் மேல்பக்கம், கடைவரிசைக்குச் சற்றுக் கீழே, அங்கிருந்து இன்னும் ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி தாமான் பாலத்தருகே. கீழேயிருந்து மேலே போக வேண்டும். மேலே முதலில் கலக்கினால் அந்தக் கலங்கலும் அதில் அடித்துவரும் பூச்சியும் கீழ்ப்பக்க மாதிரியைக் கெடுத்துவிடும். இதைச் சரியாகச் செய்தேன்.

தவறு வேறிடத்தில். மேலே கல்லும் வேகமும் உள்ள இடத்தில் வலையை வைத்தேன். கடைவரிசைக்குக் கீழேயோ, இறங்க வசதியாகப் படி இருக்கிறதே என்று, தண்ணீர் தேங்கி நிற்கும் ஒரு மடுவில் வைத்தேன். மேலே தட்டு நிறையப் பூச்சி, கீழே வெறும் சேறும் சிவப்புப் புழுவும். அக்கா மகள் கைதட்டாத குறை. வீட்டுக்கு வந்து குறிப்பேட்டைப் பார்த்தபோதுதான் உறைத்தது. மடுவில் எந்தக் காலத்திலும் கல்லடிப் பூச்சி இருக்காது. உலகத்திலேயே சுத்தமான ஆற்றின் மடுவிலும் அப்படித்தான். நான் ஒப்பிட்டது நல்ல நீரையும் கெட்ட நீரையும் அல்ல, ஓட்டத்தையும் தேக்கத்தையும். அந்த முடிவை வாட்ஸ்அப்பில் போட்டிருந்தால் யாராவது ஒரு பொறியாளர் என்னைக் கிழித்திருப்பார், கிழித்ததும் நியாயமாக இருந்திருக்கும்.

இரண்டாம் முறைக்கு இரண்டு வாரம் காத்திருந்தோம், இடையில் நல்ல மழை. பெருவெள்ளம் போனபின் உடனே எடுத்தால் ஆற்றடி துடைத்துவிட்டதுபோல் இருக்கும், அந்த இல்லாமையை அழுக்கின் தலையில் கட்டிவிடுவோம். இந்த முறை மூன்று இடத்திலும் சலசலத்து ஓடும் பகுதி, முழங்காலுக்குக் கீழ் ஆழம், உள்ளங்கை அளவுக் கற்கள் என்று பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தோம். கடைவரிசைக்குக் கீழே அப்படியோர் இடம் கண்டுபிடிக்க அரைமணி நேரம் முள்ளுக்குள் நடக்க வேண்டியிருந்தது. வலையின் வாயை ஓட்டத்துக்கு எதிராக வைத்து, அதற்கு முன்னால் நின்று காலால் கல்லைத் தேய்த்துப் புரட்ட வேண்டும். மொத்தம் மூன்று நிமிடம், ஒரு நிமிடத்துக்கு ஓரிடம் மாறி. பெரியப்பாதான் கடிகாரம் பார்த்தார். "தண்டல் வேலைன்னா நேரம் பாக்குறதுதானேம்மா" என்றார்.

மங்குத் தட்டில்

மேலிடத்துத் தட்டை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் அதைப் பார்க்கத்தான் ஆசையாக இருந்தது. தண்ணீரைத் தெளியவிட்டதும் இலைச் சருகு என்று நினைத்தது நடந்தது. தட்டையான உடம்பு, தலையும் தட்டை, கண்கள் இரண்டும் மேலே பார்த்தபடி. வால் மூன்று. வயிற்றின் இரு பக்கமும் இலை இலையாகச் செவுள்கள் படபடத்தன. ஹெப்டஜெனியிடே குடும்பத்து மேஃபிளை. வேகமாக ஓடும் நீரில் கல்லோடு பல்லிபோல ஒட்டிக்கொள்ள இந்த உடம்பு. அட்டவணையில் 10.

அதற்குப் பக்கத்தில் வால் இரண்டே உள்ள ஒன்று. மஞ்சளும் பழுப்புமாக, கொஞ்சம் முரட்டு ஆள். பெர்லிடே குடும்பத்து ஸ்டோன்ஃபிளை, மற்றப் பூச்சிகளைப் பிடித்துத் தின்கிறது. இதற்கும் 10. செவுள் கால்களின் அடியில் குஞ்சம்போலத் தொங்கும். பத்து நிமிடம் போனதும் அது ஒரு வேலை செய்தது. ஆறு காலையும் ஊன்றி உடம்பை ஏற்றி இறக்கத் தொடங்கியது. ஏற்றம், இறக்கம், ஏற்றம், இறக்கம்.

"என்னம்மா இது, தண்டால் எடுக்குது?" என்றார் பெரியப்பா.

தண்டால்தான். ஓட்டமில்லாத தட்டு நீரில் ஆக்சிஜன் குறைகிறது. செவுளைச் சுற்றியுள்ள நீரைத் தானே அசைத்துப் புதுப்பிக்கப் பார்க்கிறது. மூச்சு முட்டுகிறது என்று அது சொல்கிற விதம். பள்ளியில் கரைந்த ஆக்சிஜனைப் பத்து வருடமாகப் பாடம் நடத்துகிறேன், அதை ஒரு உயிர் உடம்பால் சொல்லிப் பார்த்தது அன்றுதான். பெரியப்பா தட்டை எடுத்து ஓட்டத்தில் சாய்த்து, புதுத் தண்ணீர் ஊற்றினார். தண்டால் நின்றது.

அந்தத் தட்டில் இருந்த மற்றக் குடும்பங்களும் அவற்றின் மதிப்பெண்ணும்: லெப்டோஃபிளபியிடே (10), ஃபிலோபொட்டாமிடே (8), மணலில் புதைந்து கிடக்கும் கோம்ஃபிடே தும்பிக் குஞ்சு (8), சேற்றுக்குக் கொஞ்சம் பழகிய கேனிடே (7), வலை பின்னும் கேடிஸான ஹைட்ரோசைக்கிடே (5), எல்மிடே வண்டு (5), நெடுங்கால் கொசுவின் குடும்பமான டிப்புலிடே (5), பேட்டிடே (4), கைரோனோமிடே (2). மேலே சொன்ன இரண்டு பத்துகளோடு சேர்த்துப் பதினோரு குடும்பம், கூட்டினால் 74, சராசரி 6.7. கேடிஸ் வலையை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். இரண்டு கல்லுக்கு நடுவில் சிலந்தி வலைபோல, ஆனால் கட்டம் கட்டமாக ஒழுங்காகப் பின்னி, ஓட்டத்தில் வரும் துணுக்கைப் பிடித்துத் தின்கிறது. சேறு வந்து அப்பினால் வலை கிழியும், ஆள் இடத்தைக் காலி செய்யும்.

கடைவரிசைக்குக் கீழே எடுத்த தட்டில் நகர்ந்தவை நான்கு வகை மட்டும். முதலில் ரத்தச் சிவப்பாக நெளியும் கைரோனோமிடே. அந்தச் சிவப்பு நம் ரத்தத்தில் உள்ள அதே ஹீமோகுளோபின் வகைதான், ஆக்சிஜன் அருகிய சேற்றில் கிடைத்த கொஞ்சத்தையும் இழுத்துப் பிடிக்க வைத்திருக்கிறது. அலங்கார மீன் கடையில் உறைய வைத்து விற்கும் ரத்தப்புழு இந்தக் குடும்பந்தான். அடுத்து, தலையைச் சேற்றில் புதைத்து வாலை மேலே ஆட்டிக்கொண்டிருக்கும் டியூபிஃபெக்ஸ் இனப் புழுக்கள். மூன்றாவது சின்ன அட்டை. நான்காவது அந்த நத்தை. ஃபைசிடே குடும்பம், சுண்டுவிரல் நகமளவு, ஓட்டின் வாய் இடப்பக்கம். காற்றை நேரே மூச்சிழுக்கத் தெரிந்தது, தண்ணீரில் ஆக்சிஜன் இல்லாவிட்டால் மேலே வந்து வாங்கிக்கொண்டு போகும். போட்டியாளர் எல்லாரும் போனபின் அதற்குக் கொண்டாட்டம். ஊர்ப்பெயருக்கு இப்படி ஒரு பொருத்தம் வேண்டாம்.

2, 1, 3, 3. கூட்டினால் 9. சராசரி 2.3.

பாலத்தருகே ஆறு குடும்பம். பேட்டிடே, ஹைட்ரோசைக்கிடே, ஊசித்தும்பிக் குஞ்சு, சிவப்புப் புழு, டியூபிஃபெக்ஸ், நத்தை. மொத்தம் 21, சராசரி 3.5. அதாவது ஒன்றரைக் கிலோமீட்டருக்குள் ஆறு கொஞ்சம் எழுந்து உட்கார்ந்திருக்கிறது.

ஒரு எச்சரிக்கை சொல்லிவிடுகிறேன். இந்த மதிப்பெண்கள் பிரிட்டன் ஆறுகளுக்காகப் போட்டவை. நம் ஓடைகளில் உள்ள சில குடும்பங்கள் அதில் இல்லவே இல்லை. தாய்லாந்தில் பிங் ஆற்றுக்காக இதைத் திருத்தியமைத்து 2002-இல் வெளியிட்டார்கள், அதுதான் நமக்கு நெருக்கம். ஆகவே 6.7 என்றால் இத்தனாம் வகுப்பு நீர் என்று முத்திரை குத்துவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரே ஓடை, ஒரே நாள், ஒரே மாதிரியான கல்தரை, ஒரே ஆள் காலால் தேய்த்தது. அப்படியிருக்க 6.7 ஏன் 2.3 ஆனது என்று கேட்பதில்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு.

குற்றவாளி எந்த வகை

ஆற்றடி உயிர்கள் குறைந்தால் காரணம் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை, காரணத்துக்கு ஏற்பக் குறையும் விதமும் மாறும். இதுதான் எனக்கு இந்த முறையில் பிடித்த பகுதி.

மண் கரைந்து வந்தால் கல்லுக்கு நடுவிலுள்ள சந்துகள் அடைபடும். ஒட்டி வாழ்பவையும் வலை பின்னுபவையும் போகும். ஆனால் சிவப்புப் புழு பெருக்கெடுக்காது, ஏனென்றால் வெறும் மண்ணில் அதற்குத் தீனி குறைவு. பூச்சிமருந்து கலந்தால் பூச்சியினம் எல்லாம் ஒரேயடியாகச் சாயும், சிவப்புப் புழுவும் பூச்சிதான் என்பதால் அதுவும் சேர்ந்து சாயும், நத்தையும் மண்புழு உறவுகளும் தப்பும். உணவுக் கழிவோ மலக்கழிவோ வந்தால் மென்மையானவை போய், சிவப்புப் புழுவும் டியூபிஃபெக்ஸும் ஆயிரக்கணக்கில் மொய்க்கும். கீழே நாம் பார்த்தது இந்த மூன்றாவது. புழுக்களுக்குச் சாப்பாடு வந்துகொண்டிருக்கிறது.

சரி, ஆலைக் கழிவும் சாப்பாடுதானே? ஆமாம். பூச்சியை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. பிரித்தது பெரியப்பா. தட்டுகளைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "அந்த மில்லுத் தண்ணி இந்தப் பக்கம் எப்படிம்மா வரும்? நடுவுல மேடு இருக்கே. மேட்டுக்கு அந்தாண்டை விழுற மழை அந்தாண்டை ஆத்துக்குத்தான் போவும். முப்பது வருஷம் வடிகால் வெட்டுனவன் நான்." உயரக்கோடு போட்ட வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். அவர் சொன்னது அப்படியே இருந்தது. சாயங்காலக் காற்று அந்தப் பக்கமிருந்து வீசும், நாற்றத்தைக் கொண்டுவரும். மேட்டைத் தாண்டியது காற்று, தண்ணீர் அல்ல. மூன்று வாரம் வலையோடு அலைவதற்கு முன் அவரைக் கேட்டிருக்கலாம். அவரிடம் ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "நீ பூச்சி புடிக்கணும்னுதானே கூப்பிட்டே" என்றார்.

அப்புறம் வேலை சுலபமாகிவிட்டது. மேலிடத்துக்கும் கீழிடத்துக்கும் நடுவில் முப்பது தப்படிக்கு ஒருமுறை நின்று ஐந்து கல்லைப் புரட்டிப் பார்ப்பது, அவ்வளவுதான். வலை வேண்டாம், தட்டு வேண்டாம். கேடிஸ் வலை இருக்கிறதா, இல்லையா என்று மட்டும் குறித்தோம். இருக்கிறது, இருக்கிறது, இருக்கிறது. கடைவரிசையின் பின்புறம் ஒரு கான்கிரீட் காலுவாய் வந்து சேருகிற இடம் வரை இருக்கிறது. அந்த வாயிலிருந்து பத்தடி கீழே கல்லைத் தூக்கினால் ஈரப் பஞ்சுபோலச் சாம்பல் நிறத்தில் கொழகொழவென்று தொங்கியது. சாக்கடைப் பூஞ்சை என்பார்கள், உண்மையில் பெரும்பாலும் இழை இழையாக வளரும் பாக்டீரியா. சர்க்கரையும் மாவுச்சத்தும் அழுகுபொருளும் ஓயாமல் வந்தால்தான் அது இப்படிச் செழிக்கும்.

காலை பத்து மணி. காலுவாய் காய்ந்து கிடந்தது.

இரவு எட்டுக்கு டார்ச் விளக்கோடு மறுபடி போனோம். இப்போது அது ஓடியது. சோறு வடித்த கஞ்சி, பாத்திரம் கழுவிய எண்ணெய், அதற்கு மேல் தவறவே முடியாத மலக்குழி வாடை. கடைவரிசைக்குப் பொதுவான கழிவுத்தொட்டி நிரம்பி, சாயங்கால வியாபாரம் சூடுபிடிக்கும் நேரத்தில் மூடியின் ஓரமாக வழிந்துகொண்டிருந்தது. அந்தக் கடைகளில் நாங்கள் எல்லாரும் சாப்பிட்டிருக்கிறோம். வாட்ஸ்அப்பில் ஆலையைத் திட்டியவர்களில் இரண்டு பேர் அந்தக் கடைகளிலேயே தே தாரிக் குடித்துக்கொண்டு திட்டியவர்கள்.

எந்தக் கடை, யார் பொறுப்பு என்பதை இங்கே எழுதப்போவதில்லை. தொட்டியைக் கடைசியாக எப்போது உறிஞ்சி எடுத்தார்கள் என்பதில் நாலு பேர் நாலு பதில் சொன்னார்கள். தாமான் ஆட்கள் மூன்று பேர் மரியாதையாகப் போய்ப் பேசினார்கள். கையில் ஆய்வறிக்கை கொண்டு போகவில்லை, ஒரு ஜாடியில் நெளியும் சிவப்புப் புழுவைக் கொண்டு போனார்கள். அறிக்கையைவிட அது நன்றாக வேலை செய்தது. லோரி வந்து தொட்டியை உறிஞ்சியது. இரண்டு கடைகள் எண்ணெய் தடுக்கும் பெட்டி வைத்தன. மற்றவை வைப்பதாகச் சொன்னன.

மூன்று மாதம் கழித்து

அதே இடம், அதே கல், அதே மூன்று நிமிடம். கடைவரிசைக்குக் கீழே சாம்பல் பஞ்சு போய்விட்டது. தட்டில் ஆறு குடும்பம். பேட்டிடே முதலில் கண்ணில் பட்டது, சின்ன மீன்போலத் துள்ளித் துள்ளி நீந்தியது. ஆச்சரியமில்லை, அந்த இனம் மேலிருந்து ஓட்டத்தோடு மிதந்து வந்து இறங்குவதில் கெட்டி, வெப்ப நாட்டில் தலைமுறையும் சீக்கிரம் சுற்றும். பிறகு ஹைட்ரோசைக்கிடே. கல்லில் ஒட்டி விசிறியை விரித்துத் தின்னும் சிமுலியிடே. ஊசித்தும்பிக் குஞ்சு. சிவப்புப் புழுவும் டியூபிஃபெக்ஸும் இருந்தன, ஆனால் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. நத்தை அன்று ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. 23, சராசரி 3.8.

2.3-லிருந்து 3.8. மேலிடத்தின் 6.7-ஐத் தொட இன்னும் தூரம். கழிவு நின்றபின்னும் ஏன் பத்து மதிப்பெண் ஆட்கள் வரவில்லை என்று கல்லைப் புரட்டினால் பதில் விரலில் ஒட்டியது. செம்மண். மேட்டின் கீழ்ச்சரிவில் பழைய செம்பனையை வெட்டி மறுநடவு செய்கிறார்கள். இருபத்தைந்து வருடத்துக்கு ஒருமுறை வரும் வேலை, அந்தச் சமயம் மண் வெறுமையாகக் கிடக்கும், மழை கரைத்துக் கொண்டுவரும். இறங்குகிற இடம் எங்கள் மேலிடத்துக்கும் காலுவாய்க்கும் நடுவில். நாங்கள் கேடிஸ் வலை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டு நடந்தபோது அது கண்ணில் பட்டது, மனத்தில் படவில்லை. கேடிஸ் அந்த அளவு மண்ணைச் சமாளித்துக்கொண்டிருந்தது. ஹெப்டஜெனியிடே சமாளிக்காது. இரண்டு தொல்லை ஒன்றன்மேல் ஒன்றாக இருந்ததில், பெரியது சின்னதை மறைத்திருக்கிறது.

இப்போது நான்காவதாக ஓரிடம் சேர்த்திருக்கிறோம், மண் இறங்கும் இடத்துக்குக் கீழே, காலுவாய்க்கு மேலே. தொடக்கத்திலேயே வைத்திருக்க வேண்டிய இடம் அது. சரிவில் மூடுபயிர் பிடித்துப் பச்சையாகிவிட்டால் கல்சந்துகளைப் பெருமழைகள் மெல்லக் கழுவிக் கொடுக்கும். மேலே பறக்கும் பருவத்துப் பூச்சி வந்து முட்டையிட ஆற்றில் இடமும் இருக்கும்.

பெரியப்பா இப்போதும் வருகிறார், மழை ஓய்ந்து இரண்டு வாரம் ஆனதா என்று நாள்காட்டியில் அவரே எண்ணிவைத்துக்கொண்டு. தட்டைத் தெளியவிட்டதும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்ப்பார்.

"தண்டால்காரன் வந்தானாம்மா?"

"இல்ல பெரியப்பா. வாலு மூணு உள்ளது ஒன்னு வந்திருக்கு. அது எதுன்னு பாக்கணும், கண்ணாடியைக் கொடுங்க."